பிளாஸ்டிக் கம்பெனி வேலை: மூக்குக்குப் பழகும், நுரையீரலுக்குப் பழகாது



நமது கூட்டமைப்பில் உள்ள பல குழுக்களில் பிளாஸ்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். குடம், வாளி, நாற்காலி செய்யும் இடம், பி.வி.சி. பைப் போடும் இடம், கவருக்கு சீல் வைக்கும் இடம், பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து அரைக்கும் இடம் என்று பல வகை. சில ஊர்களில் குழுவே கடன் வாங்கி, அரைக்கும் மிஷின் போட்டு நடத்துகிறது.

வாரக் கூட்டத்தில் சந்தா கட்ட வரும்போது, "இன்னைக்கு ஒரே தலைவலி", "தொண்டை கரகரன்னு இருக்கு" என்று சொல்வதைக் கேட்கிறோம். "கம்பெனி வாடைதானே, பழகிடும்" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். பேச்சு அதோடு முடிந்துவிடும். அடுத்து கடன் விவரத்துக்குப் போய்விடுவோம்.

உண்மையில் பழகுவது மூக்கு மட்டும்தான். ஒரே வாடையில் கொஞ்ச நேரம் நின்றால் அது மூக்குக்குத் தெரியாமல் போகும். ஆனால் காற்றில் இருப்பது குறைவதில்லை. நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் அது உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். அது என்ன, எங்கிருந்து வருகிறது, எப்படித் தடுப்பது என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

வேலையை விட்டுவிடச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள், குழுக் கடனும் அடைகிறது. வேலையும் இருக்க வேண்டும், உடம்பும் இருக்க வேண்டும். இரண்டையும் கேட்க நமக்கு உரிமை உண்டு.

எந்த வேலையில் தூசி, எந்த வேலையில் புகை?

பிளாஸ்டிக் கம்பெனிக்குள் ஒரு பொருள் உருவாகும் வழியை அப்படியே நடந்து பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

முதலில் கலவை போடும் இடம். குருணையாகவோ பவுடராகவோ மூலப்பொருள் மூட்டையில் வரும். குருணையைத் தானா என்றும் சொல்வார்கள். அதோடு கலர் பவுடர், சுண்ணாம்புப் பவுடர், சூட்டைத் தாங்குவதற்கான ரசாயனப் பவுடர் எல்லாம் சேர்ப்பார்கள். மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போதும், காலி மூட்டையை உதறி மடிக்கும்போதும் தூசி பறக்கும். குருணையாக வந்தால் தூசி குறைவு. பவுடராக வந்தால் அதிகம்.

அடுத்து உருக்கும் மிஷின். ஹாப்பரில் போட்டது உள்ளே சூடாகி, கூழாகி, அச்சுக்குள் போய்ப் பொருளாக வெளியே வருகிறது. சூடு அளவோடு இருந்தால் புகை குறைவு. சூடு கூடிவிட்டாலோ, மிஷின் நடுவில் நின்று பிளாஸ்டிக் உள்ளேயே கருகினாலோ புகை அதிகம். எல்லாவற்றையும் விட, ஒரு கலரிலிருந்து இன்னொரு கலருக்கு மாற்றும்போது உள்ளே இருக்கும் பழைய உருகலை வெளியே தள்ளுவார்கள். அந்தக் கட்டி சூடாகத் தரையில் கிடந்து புகைந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில்தான் நிறையப் பேருக்கு இருமல் வருகிறது.

மூன்றாவது, பிசிறு வெட்டுவது, தேய்ப்பது, துளை போடுவது, சீல் வைப்பது, பிரிண்ட் போடுவது. பெண்கள் அதிகம் இருப்பது இந்த இடங்களில்தான். பிரிண்டிங் மையில் சேர்க்கும் தின்னர், துடைக்கும் திரவம் இவற்றிலிருந்து ஆவி வரும். டொலுயீன், எத்தில் அசிடேட் போன்ற கரைப்பான்கள் அதில் இருக்கும். தலை கிறுகிறுப்பது இதனால்தான்.

கடைசியாக அரைக்கும் இடம். வீணான பொருளையும் பழைய பிளாஸ்டிக்கையும் கிரைண்டரில் போட்டு அரைப்பார்கள். பிளாஸ்டிக் தூளோடு, அதில் ஒட்டியிருந்த மண், பூஞ்சை, பழைய பெயிண்ட் எல்லாம் சேர்ந்து பறக்கும்.

கண்ணுக்குத் தெரியாத தூசிதான் அதிக ஆபத்து

கேரி பேக் விஷயத்தில் 50 மைக்ரான், 120 மைக்ரான் என்று கேள்விப்பட்டிருப்போம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் இருக்கும்.

கண்ணுக்குத் தெரியும் பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கும். சளியோடு, தும்மலோடு பெரும்பாலும் வெளியே வந்துவிடும். 10 மைக்ரானுக்குக் குறைந்த தூசி மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். 2.5 மைக்ரானுக்கும் குறைந்தது நுரையீரலின் கடைசிக் காற்றுப் பைகள் வரை போய்விடும். அங்கே போனதை உடம்பால் எளிதில் வெளியே தள்ள முடியாது. உருகும் பிளாஸ்டிக்கிலிருந்து எழும் புகையில் இருப்பவை இதைவிடவும் சிறியவை.

"தூசியே தெரியலையே, சுத்தமாத்தான் இருக்கு" என்று சொல்வதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழும்போது அந்த ஒளிக்கோட்டில் பாருங்கள். பறப்பது கொஞ்சம் தெரியும். அதற்கும் சிறியது அப்போதும் தெரியாது.

எந்தப் பிளாஸ்டிக்கில் என்ன இருக்கிறது?

எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல. நாம் வேலை செய்வது எதில் என்று தெரிந்துகொண்டால் பாதி விஷயம் தெரிந்த மாதிரி.

பி.வி.சி.: பைப், ஒயர் உறை, ரெக்சின் இதில்தான் செய்கிறார்கள். இதைச் சுமார் 160 முதல் 200 டிகிரி சூட்டில் உருக்குவார்கள். சூடு அதற்கு மேல் போனால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற வாயு வரும். கழிப்பறை கழுவும் ஆசிட் இதே வாயுவைத் தண்ணீரில் கரைத்ததுதான். கண்ணும் தொண்டையும் எரிவது ஏன் என்று இப்போது புரிகிறதா? பி.வி.சி. சூட்டைத் தாங்குவதற்காக ஈயம் கலந்த பவுடரையும் சேர்த்து வந்தார்கள். பைப்புகளில் ஈயக் கலவையை நீக்குவதற்காக மத்திய அரசு 2021-இல் தனியாக விதியே கொண்டுவந்தது. ஆனால் அதற்கு முன் செய்த பழைய பைப்புகள் இப்போதும் அரைக்க வருகின்றன. ஈயம் கர்ப்பிணியின் ரத்தத்திலிருந்து வயிற்றிலுள்ள குழந்தைக்குப் போகும். சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கம்பெனி சேலையோடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கினால், தூசியும் கூடவே வந்துவிடும்.

பி.வி.சி.யை வளையும்படி மென்மையாக்க தாலேட் என்ற எண்ணெய் போன்ற ரசாயனங்களைச் சேர்ப்பார்கள். இவற்றில் சில நம் உடம்பின் ஹார்மோன்களைக் குழப்பக்கூடியவை.

பாலிதீன், பாலிபுரப்பிலின்: கவர், குடம், வாளி, சாக்கு. மற்றவற்றோடு பார்த்தால் ஆபத்து குறைவு. ஆனால் அதிகச் சூட்டில் கருகினால் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்றவை வரும். கண்ணில் தண்ணீர் வரவைப்பது இவைதான். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் அறிவித்தது.

பாலிஸ்டைரீன், ஏ.பி.எஸ்.: தெர்மாகோல், டி.வி. உறை, பொம்மை. சூட்டில் ஸ்டைரீன் ஆவி வரும். கடலோர ஊர்களில் ஃபைபர் படகு செய்யும் இடத்தில் பிசினிலிருந்து வரும் காரமான வாடையும் ஸ்டைரீன்தான். தலைவலி, மயக்கம், கவனக்குறைவு இதன் அடையாளங்கள். இது புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள் என்று அதே அமைப்பு 2018-இல் வகைப்படுத்தியது.

வேறு நாடுகளில் பெண்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

அமெரிக்காவில் கடைகளில் இறைச்சியைப் பொட்டலம் கட்டும் வேலையில் பெரும்பாலும் பெண்கள் இருந்தார்கள். பி.வி.சி. தாளைச் சூடான கம்பியில் வைத்து வெட்டி, பொட்டலத்தைச் சுற்றுவார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் லேசாகப் புகை எழும். "இதுல என்ன இருக்கு" என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்தப் பெண்களுக்கு மூச்சிரைப்பு வருவதை 1973-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். விலைச் சீட்டின் பசை சூடாகும்போது வரும் புகையும் ஒரு காரணம் என்று பிறகு தெரிந்தது. சீலிங் மிஷினில் உட்காரும் நம் உறுப்பினர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புகை கொஞ்சம்தான். ஆனால் முகத்துக்கு நேரே, நாள் முழுக்க.

அடுத்த வருடம், 1974-இல், அமெரிக்காவின் லூயிவில் நகரில் பி.வி.சி. தயாரிக்கும் ஆலை ஒன்றில் சில தொழிலாளர்கள் கல்லீரலில் வரும் மிக அரிதான ஒரு புற்றுநோயால் இறந்தது வெளியே வந்தது. வினைல் குளோரைடு என்ற வாயுதான் காரணம். அதுவரை காற்றில் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை இருக்கலாம் என்று விட்டிருந்தார்கள். பிறகு 8 மணி நேர வேலைக்கு 1 பங்குக்கு மேல் கூடாது என்று மாற்றினார்கள். 500 எங்கே, 1 எங்கே! இந்த வாயுவின் ஆபத்து முக்கியமாக பி.வி.சி. பவுடரையே தயாரிக்கும் பெரிய ஆலைகளில்தான். பைப் போடும் கம்பெனியில் அந்த அளவு இருக்காது. ஆனால் ஒரு காலத்தில் "பரவாயில்லை" என்று சொன்ன அளவு பின்னால் தவறாகிப் போனது என்பது நமக்குப் பாடம்.

மூன்றாவது செய்தி நம் பெண்களுக்கு மிக முக்கியமானது. கனடாவில் வின்ட்சர் என்ற ஊர், கார் தொழிலுக்குப் பேர் போனது. அங்கே காருக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கம்பெனிகளில் நிறையப் பெண்கள் வேலை செய்தார்கள். அந்தப் பகுதியில் மார்பகப் புற்றுநோய் வந்த 1,006 பெண்களிடமும், வராத 1,147 பெண்களிடமும் "இதுவரை என்னென்ன வேலை செய்தீர்கள்" என்று ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்கள். ஜேம்ஸ் புரோஃபி, மார்கரெட் கீத் ஆகியோர் தலைமையில் நடந்த இந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. கார் பிளாஸ்டிக் வேலையில் நீண்ட காலம் இருந்த பெண்களுக்கு இந்த நோயின் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் என்று அதில் தெரிந்தது. மாதவிடாய் நிற்பதற்கு முன்பே நோய் வந்தவர்களில் இந்த வாய்ப்பு இன்னும் அதிகமாகவே இருந்தது.

இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். பிளாஸ்டிக் கம்பெனிக்குப் போகும் எல்லோருக்கும் நோய் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு வேறு காரணங்களும் உண்டு. ஒரு ஆய்வை மட்டும் வைத்து எல்லாம் முடிவாகிவிடாது. ஆனால் மருத்துவர் நம்மிடம் வயது, குழந்தை, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்றெல்லாம் கேட்கிறார். "என்ன வேலை செய்யறீங்க, எத்தனை வருஷமா?" என்பதையும் கேட்க வேண்டும். அவர் கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும்.

உடம்பு சொல்லும் அடையாளங்கள்

கீழே உள்ளவற்றில் ஏதாவது உங்களுக்கு உண்டா என்று பாருங்கள்:

- கண் எரிச்சல், கண்ணில் நீர் வடிதல்
- தொண்டை கரகரப்பு, குரல் கம்முதல்
- விடாத வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சிரைப்பு
- தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல்
- கையில் அரிப்பு, தோல் வெடிப்பு
- மாதவிடாயில் ஒழுங்கின்மை, கரு கலைதல்

இவற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம். கம்பெனிதான் காரணமா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையோ ஊருக்குப் போன நாளிலோ இருமல் குறைகிறதா? திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போனதும் திரும்ப வருகிறதா? அப்படியென்றால் வேலையிடத்தைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். டாக்டரிடம் காட்ட அது பெரிய உதவி. ஆனால் வருடக் கணக்கில் ஆகிவிட்டால் லீவு நாளிலும் குறையாமல் இருக்கும். அதனால் ஆரம்பத்திலேயே கவனிப்பது நல்லது.

உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

*"வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டா தூசி போயிடும்னு சூப்பர்வைசர் சொல்றாரே?"*

வெல்லம், பழம், பால் எல்லாம் சாப்பிட நல்லவைதான். ஆனால் நாம் சாப்பிடுவது இரைப்பைக்குப் போகிறது, தூசி போவது நுரையீரலுக்கு. வழியே வேறு. வெல்லம் கொடுப்பதை எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பதிலாக ஏற்றுக்கொள்ளக் கூடாது.

*"முந்தானையை மூக்குல கட்டிக்கிட்டா போதாதா?"*

போதாது. துணி பெரிய தூசியைக் கொஞ்சம் தடுக்கும். சிறிய தூசி துணியின் இடைவெளியில் நுழைந்துவிடும். கொரோனா காலத்தில் பழகிய மூன்று மடிப்பு மாஸ்க்கும் பக்கவாட்டில் காற்றை விட்டுவிடும். தூசிக்கு என்-95 வகை மாஸ்க்கோ, ஐ.எஸ். 9473 என்ற இந்தியத் தரக் குறியீடு உள்ளதோ வேண்டும். முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும்.

*"அப்ப அந்த மாஸ்க் போட்டா புகை, தின்னர் வாடையும் நின்னுடுமா?"*

நிற்காது. தூசி மாஸ்க் வாயுவைத் தடுக்காது. அதற்குக் கரி அடைத்த டப்பா பொருத்திய வேறு வகை மாஸ்க் உண்டு. அந்த டப்பாவையும் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். எட்டு மணி நேரம் வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று நமக்கே தெரியும். அதனால்தான் மாஸ்க்கைக் கடைசி வழியாக வைக்க வேண்டும் என்கிறோம்.

*"பெரிய ஃபேன் இருக்கே, காத்து நல்லா வருதே?"*

ஃபேன் தூசியைக் கூட்டித் தள்ளாது, சுற்றிவிடும். ஒரு மிஷினின் புகை பத்துப் பேருக்குப் போகும். காற்றை வெளியே இழுக்கும் வழி வேண்டும்.

என்ன செய்யலாம்?

சமையலறையை நினைத்துப் பாருங்கள். அடுப்புக்கு நேர் மேலே புகைபோக்கி இருந்தால் வீடு முழுக்கப் புகை பரவாது. கம்பெனியிலும் அதே கணக்குதான். தூசியும் புகையும் பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். பரவிய பிறகு பிடிப்பது நடக்காத காரியம்.

செலவே இல்லாத வேலைகள்:

1. ஹாப்பருக்கும் கலவை டிரம்முக்கும் மூடி போடுவது. மூட்டையை உயரத்திலிருந்து கொட்டாமல் தாழ்த்திக் கொட்டுவது. காலி மூட்டையை உதறாமல் சுருட்டுவது.
2. மிஷினின் சூட்டை அந்தப் பிளாஸ்டிக்குக்குச் சொன்ன அளவில் வைப்பது. உற்பத்தியைக் கூட்டுவதற்காகச் சூட்டை ஏற்றக் கூடாது.
3. வெளியே தள்ளிய சூடான கட்டியைத் தரையில் விடாமல், உடனே தண்ணீர் உள்ள இரும்புத் தொட்டியில் போடுவது. தண்ணீர் தெறிக்கும், ஆவி கிளம்பும். அதனால் நீளமான இடுக்கியால், சின்னச் சின்னக் கட்டியாகப் போட வேண்டும்.
4. உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத் துணியால் துடைப்பது. காற்றுக் குழாயை அடித்து மிஷினையோ, உடுத்தியிருக்கும் துணியையோ சுத்தம் செய்யவே கூடாது.
5. மிஷின் பக்கத்தில் சாப்பிடாமல், தனி இடத்தில் கை கழுவிவிட்டுச் சாப்பிடுவது.
6. தின்னர் டப்பாவை மூடி வைப்பது. தின்னரால் கையைக் கழுவாமல் இருப்பது.
7. கம்பெனித் துணியை மாற்றிவிட்டு வீட்டுக்கு வருவது, அதைத் தனியாகத் துவைப்பது.

கொஞ்சம் செலவாகும் வேலைகள்: மிஷினின் வாய்க்கும் கிரைண்டருக்கும் மேலே குடை போல் தகரக் கூடு வைத்து, குழாய் வழியாகப் புகையையும் தூசியையும் வெளியே இழுப்பது. தூசியைப் பையில் பிடிப்பது. பவுடருக்குப் பதில் குருணையாக வாங்குவது. ஈயம் இல்லாத கலவைக்கு மாறுவது. முதலாளிக்கு இது செலவு என்று தோன்றும். ஆனால் லீவு குறையும், மிஷினும் பழுதாவது குறையும் என்பதை எடுத்துச் சொல்லலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பெனிக் கழிவை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்புப் பற்றவைக்காதீர்கள். எரியும் பி.வி.சி.யிலிருந்து அதே ஆசிட் வாயுவும் டையாக்சின் என்ற நச்சும் வரும். அந்தப் புகை பிள்ளைகளுக்கும் போகும்.

நம் குழுவே நடத்தும் யூனிட்டில்

தார்ச் சாலைக்குப் பிளாஸ்டிக் துண்டு அரைத்துத் தரும் வேலையைத் தமிழ்நாட்டில் பல மகளிர் குழுக்கள் செய்து வந்திருக்கின்றன. சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக்கைப் பூசித் தாரோடு கலக்கும் இந்த முறையை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கினார். அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பெருமையான விஷயம்.

இந்த யூனிட்டில் முதலாளியும் நாம்தான், தொழிலாளியும் நாம்தான். யாரிடம் போய்க் கேட்பது? நம்மிடமேதான். வங்கிக் கடனுக்குத் திட்ட மதிப்பீடு எழுதும்போது மிஷின், மின் இணைப்பு, கொட்டகை என்று எழுதுகிறோம். தூசி இழுக்கும் கருவி, மாஸ்க், கையுறை இவற்றையும் முதலிலேயே எழுத வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காது. அழுக்குப் பிளாஸ்டிக்கைக் கழுவி உலர்த்தி அரையுங்கள். சாலைக்கான பிளாஸ்டிக்கில் பி.வி.சி. சேரவே கூடாது என்பது விதி. பைப், ஒயர் உறை, பேனர் துண்டுகளைத் தரம் பிரிக்கும்போதே ஒதுக்கிவிடுங்கள். சாலைக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

உடம்புப் படம் போடுவோம்

குழு ஆரம்பித்த காலத்தில் ஊர் வரைபடத்தைத் தரையில் கோலப்பொடியால் போட்டோமே, நினைவிருக்கிறதா? அதே மாதிரி தொழிலாளர்கள் தாங்களே கண்டுபிடிக்கும் முறை ஒன்று உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2002-இல் இதைக் கையேடாகவே வெளியிட்டது. மேலே சொன்ன மார்கரெட் கீத்தும் புரோஃபியும் அதை எழுதியவர்களில் இருக்கிறார்கள்.

செய்வது எளிது. பெரிய தாளில் ஒரு உடம்பின் முன்பக்கமும் பின்பக்கமும் வரையுங்கள். ஒரே கம்பெனிக்குப் போகும் எல்லோரும் தனக்கு எங்கே வலி, எங்கே எரிச்சல் என்று பொட்டு ஒட்டுங்கள். பேர் எழுத வேண்டாம். இன்னொரு தாளில் கம்பெனியின் படம் போடுங்கள். எங்கே மிஷின், எங்கே ஜன்னல், எங்கே புகை, யார் எங்கே நிற்கிறோம் என்று குறியுங்கள்.

தனியாக இருக்கும்போது "எனக்குத்தான் உடம்பு சரியில்லை" என்று தோன்றும். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் நெஞ்சில் பொட்டு வைத்திருந்தால், அந்த ஒன்பது பேரும் கிரைண்டர் பக்கத்தில் நிற்பவர்கள் என்று தெரிந்தால், அது யாருடைய உடம்புக் கோளாறும் இல்லை, இடத்தின் கோளாறு என்று புரியும். முதலில் எந்த இடத்தில் புகைக்கூடு வைக்கக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு தூசி, புகை பற்றியது. அவை உண்டாகும் இடத்துக்கு முடிந்தவரை பக்கத்திலேயே இழுத்து வெளியேற்ற வேண்டும் என்று அது சொன்னது. நாம் கேட்பது புதிதாக ஒன்றும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறோம். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு, 2020-இல் இயற்றிய தொழில் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. வேலையிடத்துப் பாதுகாப்பு பற்றிய விவரத்தை முதலாளியிடம் கேட்டுப் பெறவும், குறை இருந்தால் சொல்லவும், சரிசெய்யாவிட்டால் ஆய்வாளரிடம் போகவும் தொழிலாளிக்கு அதில் உரிமை உண்டு. தமிழ்நாட்டில் இதைப் பார்க்கும் துறை, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தயாரிப்பாளர் கொடுக்கும் பாதுகாப்பு விவரத் தாள் ஒன்று உண்டு. அதைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் படித்த பிள்ளைகளிடம் கொடுத்துப் படித்துக் கேளுங்கள்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. உங்களுக்குப் பிடிக்கிறார்களா, எண் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். காண்டிராக்டில் போகிறவர்களும் கேட்க வேண்டும். இ.எஸ்.ஐ. டாக்டரிடம் போகும்போது செய்யும் வேலையைச் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆள் குறைவான சின்னப் பட்டறைகள் பல சட்டத்துக்குள் வராமல் போகலாம். அங்கே நம் ஒற்றுமைதான் சட்டம்.

"கேட்டா வேலை போயிடுமே" என்ற பயம் நியாயமானது. அதனால் யாரும் தனியாகப் போய்க் கேட்க வேண்டாம். முதலில் செலவில்லாததைக் கேளுங்கள். மூடி, தண்ணீர்த் தொட்டி, ஈரத் துணி. இதற்கு யாரும் மறுப்புச் சொல்வது கடினம். அது நடந்த பிறகு புகைக்கூட்டைக் கேளுங்கள். நான்கைந்து பேராக, மரியாதையாக, எழுத்தில் கொடுங்கள். நகலைக் குழுவில் வையுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் இந்தக் கட்டுரையைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டி, கீழே உள்ள கேள்விகளைப் பேச வேண்டுகிறோம்:

1. நம் குழுவில் எத்தனை பேர் பிளாஸ்டிக் வேலைக்குப் போகிறோம்? எந்தப் பிளாஸ்டிக், எந்த இடம்?
2. லீவு நாளில் குறைந்து, வேலை நாளில் திரும்பி வரும் தொந்தரவு யாருக்கு இருக்கிறது?
3. யார் கர்ப்பமாக இருக்கிறார், யார் பால் கொடுக்கிறார்? அவருக்குக் கலவை, அரைக்கும் இடம் அல்லாத வேலை கேட்கலாமா?
4. செலவில்லாத ஏழில் எதை இந்த மாதம் தொடங்கலாம்?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உடம்புப் படம் போட்ட குழுக்கள் அதைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பல குழுக்களின் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தக் கம்பெனிக்கு முதலில் போக வேண்டும் என்று தெரியும். கடனுக்காக வங்கி மேனேஜர் முன்னால் போய் நின்றபோது நாம் தனியாகப் போகவில்லை. இதற்கும் அப்படியே சேர்ந்து போவோம்.